இருளைக் கேட்டு வாங்கிய தம்பதி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஒட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. அறிவிலும் துணிவிலும் குறைவில்லாத ஒரு கணவனும் மனைவியும், கண்ணெதிரே நின்ற அழிவை எப்படிக் காணாமல் போனார்கள் என்பதே அது. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். நாடகத்தை அறியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் படைத்தலைவனான மேக்பெத் போரில் வென்று திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகளைச் சந்திக்கிறான். அவன் அரசனாவான் என்று அவர்கள் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் தூண்டுதலோடு, தன் கோட்டையில் விருந்தாளியாக வந்து தங்கிய மன்னன் டங்கனைக் கொன்று அரியணை ஏறுகிறான். பிறகு அந்த அரியணையைக் காத்துக்கொள்வதற்காக நண்பன் பாங்க்வோவையும், மெக்டஃப் என்ற பிரபுவின் மனைவி மக்களையும் ஆள் வைத்துக் கொல்கிறான். மனைவி சித்தம் கலங்கி இறக்கிறாள்; அவன் மெக்டஃபின் வாளுக்கு இரையாகிறான்.

கேள்வி: மேக்பெத்தின் குறை பேராசை, அவன் மனைவியின் குறையும் அதுவே என்று எங்கள் வகுப்பில் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். ஒரே குறை இருவரையும் ஒரே விதமாகக் குருடாக்கியது என்று எழுதினால் சரியாக இருக்குமா?
– ஆங்கில இலக்கிய மாணவி, தஞ்சாவூர்

பதில்: மதிப்பெண் கிடைத்துவிடும், ஆனால் நாடகம் அந்தக் குறிப்புக்குள் அடங்காது. பேராசை அவர்களை ஓட வைத்தது என்பதில் ஐயமில்லை. அது அவர்களுடைய கண்ணைக் கட்டியதா என்பதுதான் கேள்வி. முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியில் மேக்பெத் தனியே நின்று, இந்தக் கொலை ஏன் கூடாது என்பதற்குக் காரணங்களை ஒன்றுவிடாமல் அடுக்குகிறான். டங்கன் தன் உறவினன், தன் அரசன், அதற்கும் மேலாகத் தன் வீட்டு விருந்தாளி. கொலைகாரன் உள்ளே நுழையாதபடி கதவை அடைக்க வேண்டிய தானே கத்தியை ஏந்துவது எப்படித் தகும்? தவிரவும், டங்கன் சாந்தமானவன், பதவியில் கறைபடாதவன். அவனுடைய நற்குணங்களே தனக்கு எதிராக உலகைத் திரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரத்தம் சிந்தக் கற்றுக்கொடுத்தவனிடமே அந்தப் பாடம் திரும்பி வரும். தன்னைத் தூண்டுவது எகிறிக் குதிக்கும் பேராசை ஒன்றுதான் என்பதையும் அவனே ஒப்புக்கொள்கிறான். தன் குறையை இவ்வளவு துல்லியமாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவனை அந்தக் குறையே குருடாக்கிவிட்டது என்று நாம் எழுதினால், அவன் பேசியதை நாம் கேட்கவில்லை என்றுதான் பொருள்.

என்னுடைய எண்ணம் இது: அவர்கள் இருவருக்கும் கண் நன்றாகவே தெரிந்திருந்தது, தெரிந்ததைத் தாங்க முடியாமல் இருளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நாடகத்தில் இதற்கு நேரடியான சான்று இருக்கிறது. தன் மூத்த மகன் மால்கமே அடுத்த வாரிசு என்று டங்கன் அறிவித்தவுடன், மேக்பெத் விண்மீன்களைப் பார்த்து அவற்றின் ஒளியை மறைத்துக்கொள்ளச் சொல்கிறான். தன் கரிய ஆசைகளை வெளிச்சம் காண வேண்டாம் என்றும், கை செய்வதைக் கண் பாராமல் இருக்கட்டும் என்றும் வேண்டுகிறான். மிகச்சில நிமிடங்களுக்குள், எங்கோ தொலைவில் இன்வர்னெஸ் கோட்டையில் இருக்கும் அவன் மனைவி, கணவன் சொன்னதை அறியாமலே, ஏறத்தாழ அதே வேண்டுதலைச் செய்கிறாள். அடர்ந்த இரவு வந்து கவிய வேண்டும், தன் கூரிய கத்தி தான் உண்டாக்கும் காயத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவள் வேண்டுதல். பிறகு, பாங்க்வோவைக் கொல்ல ஆள் அனுப்பிவிட்டு, மேக்பெத் மறுபடியும் இரவை அழைக்கிறான். வேட்டைக்குப் பழக்கும் வல்லூறின் இமைகளை நூலால் தைத்து மூடுவது அக்காலத்து வழக்கம். இரக்கமுள்ள பகலின் கண்ணையும் அவ்வாறே மூடிவிடும்படி அவன் இரவைக் கேட்கிறான். மூன்று இடங்களிலும் வேண்டப்படுவது வெற்றியோ அரியணையோ அல்ல, குருட்டுத்தன்மை.

குறை எங்கே வேறுபடுகிறது என்றால், இருளை அவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்பதில்தான். மேக்பெத்திற்கு மிதமிஞ்சிய கற்பனை. செயல் நடப்பதற்கு முன்பே அதன் உருவம் அவன் முன் வந்து நிற்கும். கொலைக்கு முன்னால் காற்றில் கத்தி தெரியும், கொன்ற பின் ‘இனி உறங்காதே’ என்று குரல் கேட்கும். இந்த வேதனைக்கு அவன் கண்டுபிடிக்கும் மருந்து, யோசிப்பதற்கு இடம் வைக்காமல் அடுத்த செயலைச் செய்துவிடுவது. அவன் மனைவியின் குறையோ இதற்கு நேர்மாறானது. மனம் என்பது இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படியும் வேலைக்காரன் என்று அவள் உறுதியாக நம்புகிறாள். முடிந்தது முடிந்ததுதான், கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கைக்கறை போய்விடும். அவன் எல்லாவற்றையும் பெரிதாகக் காண்கிறான், அவள் எல்லாவற்றையும் சிறிதாகக் காண்கிறாள். தேர்வில் எழுதுவதானால் இந்த வேறுபாட்டை எழுதுங்கள்.

கேள்வி: மனைவி ஏற்றிவிடாமல் இருந்திருந்தால் மேக்பெத் நல்ல தளபதியாகவே வாழ்ந்து மடிந்திருப்பான். ‘பெண் புத்தி பின் புத்தி’ என்பதற்கு லேடி மேக்பெத்தைவிட வேறு உதாரணம் வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, பழியை அவள் தலையில் கட்டுவதற்கு முன்னால் கால வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். சூனியக்காரிகள் மறைந்த சில கணங்களிலேயே கொலை எண்ணம் மேக்பெத்தின் உள்ளத்தில் எழுந்துவிடுகிறது. அந்தக் கோர உருவத்தை நினைத்தாலே மயிர்க்கூச்செறிகிறது என்று அவன் சொல்லும்போது, மனைவிக்கு இன்னும் சேதியே போகவில்லை. இறுதியில், மெக்டஃபின் குழந்தைகளைக் கொல்லும்படி அவளும் சொல்லவில்லை, அவளைக் கேட்டும் அது நடக்கவில்லை. நாடகத்தின் கொலைகளில் அவள் கை பட்டது முதல் கொலையில் மட்டும்தான்.

ஆனாலும் உங்கள் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. அந்த ஏழாம் காட்சியின் பிற்பகுதியில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதை மெதுவாகப் படித்துப் பாருங்கள். உலக நாடகங்களில் இவ்வளவு நெருக்கமான, இவ்வளவு பொருத்தமில்லாத தாம்பத்திய உரையாடல் மிகக் குறைவு என்பேன். சற்று முன்புதான் அவன் தனிமையில் உறவு, விசுவாசம், விருந்தோம்பல், பின்விளைவு என்று அவ்வளவு காரணங்களையும் சொல்லி முடித்திருக்கிறான். மனைவி உள்ளே வந்ததும் அவற்றில் ஒன்றைக்கூட அவளிடம் சொல்வதில்லை. ‘இதற்கு மேல் போக வேண்டாம், மன்னர் இப்போதுதான் என்னைக் கௌரவித்திருக்கிறார், ஊரெல்லாம் என்னைப் புகழ்கிறது, அந்தப் பெயரைப் புதிதாக இருக்கும்போதே அனுபவிக்க வேண்டும்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறான். புதுத் துணி கசங்கிவிடுமே என்று தயங்குகிறவனின் பேச்சாக அது ஒலிக்கிறது. உள்ளொன்று இருக்கப் புறமொன்று பேசுகிறான், ஏன்? மனசாட்சி உறுத்துகிறது என்று ஒரு போர்வீரன் மனைவியிடம் சொன்னால் அவள் கண்ணில் தாழ்ந்துவிடுவோம் என்ற கூச்சமாக இருக்கலாம். தன் வீரத்தைப் பற்றி மனைவி என்ன நினைப்பாள் என்பதில் அவனுக்கு இருக்கும் அச்சம், மேலுலக அச்சத்தைவிடப் பெரிது.

அவள் கேட்டது அந்தப் புறப்பேச்சை மட்டும். ஆகவே அவள் பதிலும் அதற்கே. ‘ஆசைப்பட்டபோது குடித்திருந்தீரா? செய்யத் துணிந்தபோதுதான் நீர் ஆண்மகன்’ என்று அவனுடைய ஆண்மையைத் தொட்டு ஏசுகிறாள். பாலூட்டிய குழந்தையையே தரையில் அடித்துக் கொல்லத் தயங்கியிருக்க மாட்டேன், நான் சொன்ன சொல் அப்படிப்பட்டது என்கிறாள். அவன் அச்சம் செயலைப் பற்றியது என்று அவள் எண்ணிவிட்டாள். போர்க்களத்தில் எதிரியை வகிர்ந்து போட்டவனுக்குக் கத்தி வீசுவதா அச்சம்? அவன் அஞ்சியது கொலைக்குப் பின்னால் வரப்போகும் நாட்களை. அந்த அச்சத்தை அவள் காணவில்லை, ஏனென்றால் அவளுக்குள்ளே அது அப்போது இல்லை. தன் நெஞ்சை அளந்து கணவனின் நெஞ்சுக்குச் சட்டை தைத்தாள் என்று சொல்லலாம். அவனும் அதே தவறைத் திருப்பிச் செய்கிறான். ‘நீ ஆண்பிள்ளைகளை மட்டுமே பெற்றெடு’ என்று வியந்து, அவள் உருக்கினால் ஆனவள் என்று முடிவு கட்டிவிடுகிறான். அவள் நடுங்கக்கூடும் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. கடைசியில் கோழையல்லாத ஒருவனின் கோழைத்தனத்தை அவள் நீக்கினாள்; உருக்கு அல்லாத ஒருத்தியின் உறுதியை நம்பி அவன் கொன்றான்.

இதில் இன்னொரு நுணுக்கம். ஆண்மையைத் தொட்டு ஏசும் அந்த உத்தியை அவன் மறக்கவில்லை. பாங்க்வோவைக் கொல்ல ஆள் பிடிக்கும்போது, ‘பெயர்ப் பட்டியலில் நீங்களும் மனிதர்கள்தாம், நாய்களிலும் பல சாதி இருக்கின்றன’ என்று அந்த ஏழைக் கூலிக்கொலையாளிகளை அதே ஆயுதத்தால் குத்துகிறான். மனைவியிடம் தான் அடிபட்ட இடம் எது என்பது அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது.

கேள்வி: எல்லாவற்றுக்கும் காரணம் சூனியக்காரிகள்தானே? விதியை எதிர்த்து மனிதன் என்ன செய்ய முடியும்?
– வாசகர், ஈரோடு

பதில்: அதே இடத்தில், அதே நேரத்தில், அதே வாக்கைப் பாங்க்வோவும் கேட்டான். அவனுக்கும் அவர்கள் ஆசை காட்டினார்கள்; அவன் அரசனாக மாட்டான், ஆனால் அரசர்களைப் பெறுவான் என்றார்கள். சிறிய உண்மைகளைச் சொல்லி நம்மை வசப்படுத்தி, பெரிய காரியத்தில் கவிழ்ப்பது இருளின் தூதுவர்களுடைய வழக்கம் என்று அவன் உடனே நண்பனை எச்சரிக்கிறான். அவர்கள் யாரையும் கொல்லச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘விதி என்னை அரசனாக்குவதானால் நான் அசையாமலேயே ஆக்கட்டும்’ என்று மேக்பெத்தே ஒரு கணம் சொல்கிறான்; அந்த ஒரு வரியைக் கடைப்பிடித்திருந்தால் நாடகமே இல்லை.

கேள்வி: எங்கள் குழு இந்நாடகத்தின் சில காட்சிகளைத் தமிழில் மேடையேற்ற ஒத்திகை பார்த்து வருகிறது. டங்கன் கொலையுண்டது தெரிந்ததும் லேடி மேக்பெத் மயங்கி விழுகிறாளே, அது நடிப்பா, நிஜமா? நடிகைக்கு என்ன சொல்வது?
– நாடகக் குழுவினர், மதுரை

பதில்: மூலத்தில் அவள் சொல்வது தன்னை அங்கிருந்து கொண்டுபோகச் சொல்லும் ஒரே வரிதான், மற்றதையெல்லாம் நடிகைதான் தீர்மானிக்க வேண்டும். கணவன் உளறத் தொடங்கிவிட்டான், எல்லோருடைய கவனத்தையும் தன் பக்கம் இழுக்க வேண்டும் என்று அவள் திட்டமிட்டு விழுகிறாள் என்பது ஒரு பார்வை. அதற்கும் மேடையில் நல்ல வரவேற்பு உண்டு. ஆனால் அதற்குச் சற்று முன் நடந்ததைப் பாருங்கள். காவலர்களை மது கொடுத்து மயக்குவது, அவர்களுடைய கத்திகளால் மன்னனைக் குத்துவது, அவர்கள் மேல் இரத்தத்தைப் பூசிப் பழியைப் போடுவது என்பதுதான் இருவரும் சேர்ந்து போட்ட திட்டம். அந்தக் காவலர்களை மேக்பெத் கொன்றுவிட்டான் என்பதை அவள் அந்தக் கூட்டத்தின் நடுவே, மற்றவர்களோடு சேர்ந்துதான் முதன்முறையாகக் கேட்கிறாள். தன்னைக் கேட்காமல் கணவன் ஒரு காரியம் செய்துவிட்டான் என்ற அதிர்ச்சி அது. நான் இயக்குவதாக இருந்தால் அவளை நிஜமாகவே தள்ளாட விடுவேன். ஆனால் மேக்பெத் அதை நடிப்பு என்று எண்ணிக்கொண்டு மேலே பேசிக்கொண்டே போகும்படி அமைப்பேன்.

கேள்வி: கொலை நடந்த இரவில் அப்படி நின்றவள், ஐந்தாம் அங்கத்தில் திடீரென்று பித்துப்பிடித்தவளாகத் தூக்கத்தில் நடந்து வருகிறாள். இந்த மாற்றம் நம்பும்படியாக இல்லையே. இடையில் ஏதாவது காட்சி விடுபட்டுப் போயிற்றா?
– இல்லத்தரசி, காரைக்குடி

பதில்: விடுபட்ட காட்சி என்று எதையும் தேட வேண்டியதில்லை, அம்மா. விரிசல்கள் தொடக்கத்திலேயே இருக்கின்றன. அவளைப் பார்க்க வேண்டிய கணவன் பார்க்காததால் நாமும் அவன் கண்ணாலேயே பார்த்து ஏமாந்துபோகிறோம்.

கொலை நடந்த இரவுக்கே வருவோம். காவலர்களை மயக்கிய மது தனக்குத் துணிவு கொடுத்தது என்ற பேச்சோடுதான் அவள் மேடைக்கு வருகிறாள். உருக்குக்கு மது தேவைப்படுமா? அடுத்து, உறங்கும் மன்னனின் முகம் தன் தந்தையின் சாயலில் இல்லாமல் இருந்திருந்தால் தானே காரியத்தை முடித்திருப்பேன் என்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தில் அவள் கத்தியோடு படுக்கையருகே போய் நின்று திரும்பிய கதை முழுவதும் இருக்கிறது. மேக்பெத் இரத்தம் தோய்ந்த கத்திகளோடு வந்து, ‘ஆமென்’ என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டதைப் பற்றியும், உறக்கத்தைக் கொன்றுவிட்டதாகக் கேட்ட குரலைப் பற்றியும் பிதற்றுகிறான். இவற்றை இப்படி நினைத்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் அதட்டுகிறாள். அந்த எச்சரிக்கை யாருக்குப் பலித்தது என்பது உங்களுக்குத் தெரியும். அவன் கத்திகளை அங்கேயே வைக்க மறந்ததை முதலில் கவனிப்பவள் அவள்தான். திரும்பிப் போக மாட்டேன், செய்ததைப் பார்க்கத் துணிவில்லை என்று அவன் மறுக்க, ‘உறங்குகிறவர்களும் இறந்தவர்களும் வெறும் சித்திரங்கள், வரைந்த பேய்க்குக் குழந்தைதான் பயப்படும்’ என்று சொல்லிவிட்டு அவளே உள்ளே போகிறாள். சிவந்த கைகளோடு திரும்பி வருகிறாள். அவள் உள்ளே எதைப் பார்த்தாள் என்பதை அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தக் கிழவனுக்குள் இவ்வளவு இரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள் என்று அவள் மூன்று அங்கங்கள் கழித்து உறக்கத்தில் சொல்லும்போதுதான், அந்த அறைக்குள் அவளுக்குச் சித்திரம் எதுவும் தெரியவில்லை என்பது நமக்குப் புரிகிறது.

மூன்றாம் அங்கத்தில் அரசியான பிறகு அவள் தனியாக இருக்கும் ஒரு சில கணங்களில், எல்லாவற்றையும் கொடுத்து எதையும் பெறவில்லை, நிம்மதியில்லாத ஆசை நிறைவேறி என்ன பயன் என்று நொந்துகொள்கிறாள். கணவன் உள்ளே வந்தவுடன் குரலை மாற்றி, ‘ஏன் தனியாகவே இருக்கிறீர்? பரிகாரம் இல்லாததைப் பற்றி நினைக்கலாமா?’ என்று தேற்றுகிறாள். அவனுக்கும் அதே வேதனை. இறந்து கிடக்கும் டங்கன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று பொறாமைப்படுகிறான். ஒரே நோய் இருவருக்கும் இருந்தும், ஒருவர் மற்றவரிடம் மறைத்து வைத்துக்கொண்டு, நலமாக இருப்பதாகப் பாசாங்கு செய்கிறார்கள். பாங்க்வோ கொலையைப் பற்றி அவள் கேட்கும்போது, ‘காரியம் முடிந்த பிறகு நீ மெச்சிக்கொள்வாய், அதுவரை அறியாதவளாகவே இரு’ என்று கொஞ்சலாகச் சொல்லி வாயை அடைக்கிறான். முதல் அங்கத்தில் தன் பெருமையில் பங்குகொள்ளும் அன்புத் துணையே என்று கடிதத்தில் விளித்தவன் இவன்தான். உண்மையில் அந்தக் கடிதத்திலும், மேடையில் அவள் வாசிக்கும் பகுதியில், பாங்க்வோவின் சந்ததி அரசாளும் என்ற வாக்கு இடம்பெறவில்லை. மறைப்பது அப்போதே தொடங்கிவிட்டதா, அல்லது நாம் கேட்காத முதல் பகுதியில் அது இருந்ததா என்பதை ஷேக்ஸ்பியர் திறந்தே விட்டிருக்கிறார்.

விருந்துக் காட்சியில் அவள் கடைசியாக ஒருமுறை முழுப் பலத்தையும் திரட்டுகிறாள். பாங்க்வோவின் ஆவி கணவனின் இருக்கையில் உட்கார்ந்திருப்பது அவன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது. சிறுவயது முதலே அவருக்கு இப்படி வருவதுண்டு என்று விருந்தினரிடம் பூசி மெழுகுகிறாள். அவனிடம் தணிந்த குரலில், ‘நீர் ஆண்மகனா? நீர் பார்ப்பது வெறும் முக்காலி’ என்று அதே பழைய ஆயுதத்தை வீசுகிறாள். இம்முறை அது எடுபடவில்லை. எல்லோரையும் வரிசை முறை பாராமல் உடனே போகச் சொல்லி அனுப்பிவிட்ட பிறகு மேடையில் இருவர் மட்டும் மிஞ்சுகிறார்கள். அவன், இரத்தத்தில் இவ்வளவு தூரம் நடந்துவிட்டேன், திரும்புவதும் கடப்பதும் ஒன்றுதான் என்று நீளமாகப் பேசிக்கொண்டே போகிறான். அவளோ ஒற்றை வரிகளில் பதில் சொல்கிறாள். இரவா விடியலா என்று தெரியாத நேரம் என்கிறாள். மெக்டஃபுக்கு ஆள் அனுப்பினீர்களா, ஐயா என்று யாரோ ஓர் அந்நியரைக் கேட்பது போலக் கேட்கிறாள். உமக்கு உறக்கம் வேண்டும் என்கிறாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே மேடையில் சேர்ந்து தோன்றுவதே இல்லை. நான்காம் அங்கம் முழுவதிலும் அவள் இல்லை. நீங்கள் கேட்ட மாற்றம் அந்த இல்லாமையில் நடக்கிறது.

தூக்கத்தில் நடக்கும் காட்சியில் பணிப்பெண் மருத்துவரிடம் சொல்லும் ஒரு செய்தி என்னை எப்போதும் நிறுத்திவிடும்: அருகில் எப்போதும் விளக்கு இருக்க வேண்டும் என்பது அரசியின் கட்டளை. அடர்ந்த இரவை வா என்று அழைத்தவள் அவள். கண்கள் திறந்திருக்கின்றன, ஆனால் பார்வை மூடியிருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள். கவிதையில் பேசி வந்தவள் இங்கே உடைந்த உரைநடையில் பேசுகிறாள். ஒரு வரி டங்கனுக்கு, ஒரு வரி மெக்டஃபின் மனைவிக்கு, ஒரு வரி புதைக்கப்பட்ட பாங்க்வோவுக்கு. நடுநடுவே, கையைக் கழுவும், இரவு உடையை அணியும், முகம் வெளுக்க வேண்டாம் என்று இல்லாத கணவனைத் தேற்றிக்கொண்டும் இருக்கிறாள். லண்டனின் டிரூரி லேன் அரங்கில் 1785-இல் இந்தப் பாத்திரத்தை ஏற்ற சாரா சிடன்ஸ், அதுவரை நடிகைகள் கையிலேயே வைத்திருந்த மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டு, இரு கைகளையும் தேய்த்துக் கழுவுவது போல நடித்தார். அரங்கின் பொறுப்பிலிருந்த ஷெரிடன், மரபை மீறினால் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று தடுத்துப் பார்த்தும் அவர் கேட்கவில்லை. கை கழுவ வேண்டியவளுக்கு இரண்டு கைகளும் வேண்டும் என்ற எளிய நியாயம்தான். இக்கதாபாத்திரத்தைப் பற்றிய தம் குறிப்புகளில் அவர் லேடி மேக்பெத்தை மென்மையான தோற்றமுள்ளவளாகக் கற்பனை செய்திருக்கிறார் என்பதையும் மதுரை நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: மேக்பெத் என்று ஓர் அரசன் வரலாற்றில் உண்மையாகவே இருந்தானா? அவன் மனைவியும் இப்படித்தானா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இருந்தான், 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டான். முதலாம் டங்கன் 1040-இல் அவனோடு நடந்த சண்டையில் இறந்தானே தவிர, விருந்தாளியாக வந்து படுக்கையில் கொல்லப்படவில்லை. மேக்பெத்தின் மனைவி பெயர் குரூவோக். அவள் அரச குலத்தவள், ஏற்கெனவே கணவனை இழந்தவள். முதல் திருமணத்தில் பிறந்த அவளுடைய மகன் லூலாக் மேக்பெத்துக்குப் பின் சிறிது காலம் அரியணையில் இருந்தான். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹாலின்ஷெட் என்பவரின் வரலாற்று நூலிலிருந்து. அந்த நூலில் டஃப் என்ற வேறொரு மன்னனை டான்வால்ட் என்பவன் மனைவியின் தூண்டுதலால் தன் கோட்டையிலேயே கொன்ற கதையை எடுத்து, இந்தக் கதையோடு ஒட்டினார். ஹாலின்ஷெட்டின் நூலில் டங்கனைக் கொல்லும் சதியில் பாங்க்வோவுக்கும் பங்குண்டு. ஷேக்ஸ்பியர் அதை நீக்கிவிட்டார். அப்போது ஆண்ட முதலாம் ஜேம்ஸ் மன்னர் பாங்க்வோவின் வழிவந்தவராகக் கருதப்பட்டார் என்பதை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் நாடகத்துக்குக் கிடைத்த ஆதாயம் வேறு. பல பிரபுக்கள் கூடிச் செய்த அரசியல் சதி, ஒரு கணவனும் மனைவியும் மட்டும் அறிந்த வீட்டு இரகசியமாகச் சுருங்கிவிட்டது.

கேள்வி: மனைவி இறந்த சேதியைக் கேட்டபோது மேக்பெத் ஒரு சொட்டுக் கண்ணீர் சிந்தவில்லையே. அவனுக்கு அவள்மேல் உண்மையில் அன்பு இருந்ததா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: தொடக்கத்தில் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. சேதியை முதலில் அவளுக்கு எழுதுகிறான். மன்னனுக்கு முன்பே அவளிடம் விரைகிறான். ஐந்தாம் அங்கத்தில்கூட, எதிரிகள் கோட்டையை நெருங்கிக்கொண்டிருக்கும்போது, அவளுடைய மருத்துவரைப் பார்த்து, நோயுற்ற மனத்துக்கு மருந்து கொடுக்க உம்மால் முடியாதா, நெஞ்சில் வேரூன்றிய துயரத்தைப் பிடுங்கி எறிய முடியாதா என்று கேட்கிறான். அந்தக் கேள்வி அவளுக்காகவா, தனக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நோயாளிதான் தனக்கு மருந்து தேடிக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் பதிலளிக்கும்போது நோயாளியை ஆண்பாலில் குறிப்பிடுகிறார். அவருக்கும் புரிந்துவிட்டது போலும். ஆனால் கவனியுங்கள்: அவள் படுக்கையருகே மேக்பெத் ஒரு முறைகூடப் போகவில்லை.

பிறகு பெண்களின் அழுகுரல் கேட்கிறது. ஒரு காலத்தில் இரவில் அலறல் கேட்டால் உடம்பு சில்லிட்டது, இப்போது அச்சத்தின் சுவையே மறந்துவிட்டது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். அரசி இறந்துவிட்டாள் என்று சேதி வருகிறது. அவன் சொல்லும் முதல் வரிக்கு இரண்டு பொருள் கொள்ளலாம்: எப்படியும் ஒருநாள் இறந்திருப்பாள் என்றும், இதைக் கேட்க அவகாசமுள்ள வேறொரு நாளில் இறந்திருக்க வேண்டும் என்றும். நல்ல நடிகர்கள் எதையும் தீர்மானிக்காமல் இரண்டையும் சேர்த்தே ஒலிக்க விடுகிறார்கள். அதைத் தொடரும் புகழ்பெற்ற பேச்சு, நாளை, நாளை என்று ஊர்ந்து போகும் நாட்களைப் பற்றியது, மேடையில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு மறையும் நடிகனைப் பற்றியது. மனைவியின் பெயரோ, முகமோ, அவளோடு வாழ்ந்த ஒரு நாளோ அதில் இல்லை. கற்பனையை அடக்க அவன் தேர்ந்தெடுத்த மருந்து வேலை செய்துவிட்டது என்பேன். பயத்தோடு சேர்த்து துக்கத்தையும் அது கொன்றுவிட்டது. பர்னம் காடு நகர்ந்து வரும்வரை அவனுக்குத் தோல்வியில்லை என்பது அவன் நம்பியிருந்த வாக்கு; பேச்சு முடிந்ததும் அந்தக் காடே நகர்ந்து வருகிறது என்று சொல்ல ஒருவன் ஓடி வருகிறான். அதன் பிறகு நாடகம் முடியும்வரை மேக்பெத் தன் மனைவியைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. மனைவி மக்களின் ஆவிகள் தன்னைத் துரத்தும் என்று சொல்லிக்கொண்டு அந்தப் போர்க்களத்தில் அலைகிறவன் மெக்டஃப்.

இறுதியில் புதிய அரசன் மால்கம், கசாப்புக்காரன் என்று அவனையும் பேய் போன்ற அரசி என்று அவளையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறான். தந்தையைப் பறிகொடுத்த மகன் வேறெப்படியும் பேச வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் பேய்க்கு இரவெல்லாம் விளக்கு எதற்கு என்று அந்தப் பணிப்பெண்ணைக் கேட்டிருந்தால் அவள் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்.